ஒயரில் கரையும் அரை வோல்ட்

ஏடிஎம் கார்டு அளவுள்ள ராஸ்பெர்ரி பை கணினியில் சிம் போட்ட இணைய டாங்கிளைச் செருகுகிறோம். டாங்கிளின் விளக்கு சிமிட்டுகிறது, நெட்வொர்க்கைத் தேடிப் பிடிக்கிறது. இணைப்புக்குக் கட்டளை கொடுத்து இரண்டு நொடி ஆவதற்குள் விளக்கு அணைகிறது. மறுபடி எரிகிறது, மறுபடி அணைகிறது. சில சமயம் கணினியே நின்று முதலிலிருந்து தொடங்குகிறது. அதே டாங்கிளைக் கழற்றி மடிக்கணினியில் செருகினால் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது. சிம்மில் குறையில்லை, பணமும் இருக்கிறது. இந்த இடத்தில் மென்பொருளைக் குடைந்துகொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் ஏராளம். பெரும்பாலும் கோளாறு இருப்பது சார்ஜரிலிருந்து கணினிக்கு வரும் ஒரு மீட்டர் ஒயரில்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் குண்டு பல்பு ஒரு கணம் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டத்தை வாரி இழுக்கிறது. அந்த ஓட்டம் ஒயரின் மின்தடையைத் தாண்டி வருவதற்குள் மின்னழுத்தத்தில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. டாங்கிளுக்கும் இதே கதைதான். ஆனால் 230 வோல்ட்டில் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. யூஎஸ்பியில் மொத்தமே 5 வோல்ட். அதில் அரை வோல்ட் போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மலிவான சார்ஜர் ஒயர்களின் உள்ளே 28 கேஜ் செம்புக் கம்பி ஓடுகிறது, குறுக்களவு 0.32 மில்லிமீட்டர். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமென்பதால் ஒரு மீட்டர் ஒயரில் இரண்டு மீட்டர் கம்பி, ஆக 0.43 ஓம். கணினிக்கு அரை ஆம்பியர், டாங்கிளுக்கு அரை ஆம்பியர் என்று ஒரு ஆம்பியர் ஓடினால் 0.43 வோல்ட் வழியிலேயே செலவாகிவிடும். சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் கணினிக்கு வந்து சேர்வது 4.57 வோல்ட். 2014இல் வந்த பி பிளஸ் மாடல் முதல், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும் காவலாளிச் சில்லு பலகையிலேயே இருக்கிறது. திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றுவது அதனால்தான். சார்ஜர் மீது 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஒயரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இதற்குள் இன்னொரு சுழல். டாங்கிளின் உள்ளே 5 வோல்ட்டை இறக்கிக் கொடுக்கும் மாற்றிச் சுற்று உண்டு. வெளியே கொடுக்க வேண்டிய திறன் மாறாதவரை, உள்ளே வரும் அழுத்தம் குறையக் குறைய அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். கூடுதல் ஆம்பியர் ஒயரில் கூடுதல் அழுத்தத்தைத் தின்னும். அதனால்தான் சரிவு தொடங்கினால் மளமளவென்று போய்விடுகிறது.

சரி, பென் டிரைவும் அதே துளையில்தான் செருகப்படுகிறது. அதற்கு ஏன் இந்தப் பாடு இல்லை? டாங்கிள் ஒரு வானொலி நிலையம். அது கேட்பதோடு நிற்காமல் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் டவருக்குக் கேட்கும்படி பேசவும் வேண்டும். 3ஜி சிக்னல் கிடைக்காத இடத்தில் பழைய 2ஜிக்கு, அதாவது ஜிஎஸ்எம் முறைக்கு, இறங்கிவிடும் டாங்கிள்கள் உண்டு. அங்கேதான் இந்த விஷயம் உண்மையிலேயே வியப்பூட்டுகிறது.

ஜிஎஸ்எம்மில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். 4.615 மில்லிநொடி கொண்ட ஒரு சுற்றை எட்டாகப் பிரித்து, ஒருவருக்கு ஒரு கூறு: 577 மைக்ரோநொடி. ஒரு நொடியை 1,733 துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. சாதாரண அழைப்பில் கருவி அந்தத் துண்டுக்குள் பேசி முடித்துவிட்டு, அடுத்த முறை வரும்வரை வாயை மூடிக்கொள்ள வேண்டும். இப்படி நொடிக்கு 217 தடவை. ரேடியோ பக்கத்தில் செல்போனை வைத்திருந்த நாட்களில், அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்னால் ஸ்பீக்கர் டிட்டிடி டிட்டிடி என்று உறுமியதல்லவா? அது இந்தத் துடிப்புகளின் ஓசைதான்.

900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்தத் துணுக்கு நேரத்துக்கு மட்டும் கருவி 2 வாட் வரை வீசலாம். இவ்வகை மோடம்களின் கையேடுகள் 2 ஆம்பியர் உச்ச ஓட்டத்துக்குத் தயாராக இருக்கச் சொல்கின்றன. எட்டில் ஒரு பங்கு நேரம்தான் ஓடுகிறது என்பதால் சராசரி கால் ஆம்பியர். சாதாரண மல்டிமீட்டர் அந்தக் கால் ஆம்பியரைத்தான் காட்டும். உள்ளே கெபாசிட்டர்கள் சிறு தண்ணீர்த்தொட்டி போல் மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து இந்த அதிர்ச்சியின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கின்றன. மிச்சம் ஒயருக்கு வருகிறது.

எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதையும் டவர்தான் சொல்கிறது. பக்கத்தில் இருந்தால் 3 மில்லிவாட் போதும். தொலைவில் இருந்தால் 2 வாட். அறுநூறு மடங்கு வித்தியாசம்! ஆனால் இணைப்பு கேட்கும் முதல் கணத்தில், தான் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்று ஜிஎஸ்எம் கருவிக்குத் தெரியாது. டவர் அனுமதித்த உச்சக் குரலில்தான் கூப்பிடுகிறது. டாங்கிள் சும்மா இருக்கையில் நன்றாக இருந்து, இணைப்பு கொடுக்கும் நொடியில் விழுவதன் காரணம் இதில் இருக்கிறது. நகரத்தில் ஒழுங்காக ஓடிய அமைப்பு சிக்னல் மெலிந்த ஊரில் தடுமாறுவதும் இதனால்தான்.

ராஸ்பெர்ரி பையின் மேலும் கொஞ்சம் பொறுப்பு உண்டு. 2012 பிப்ரவரி 29 அன்று கேம்பிரிட்ஜிலிருந்து வெளியான முதல் மாடல் பியில், ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் 140 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் வைத்திருந்தார்கள். யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு கருவி 500 மில்லி ஆம்பியர் வரை கேட்கலாம். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் 140 போதும். டாங்கிளுக்கு எந்த மூலைக்கு? பாலிஃபியூஸ் அழகான கண்டுபிடிப்பு. பிளாஸ்டிக்குக்குள் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும், ஓட்டம் மிகுந்து சூடேறினால் பிளாஸ்டிக் உப்பி, துகள்கள் விலகி, வழி அடைபடும், ஆறினால் திறக்கும். ஆனால் அடைபடாத போதும் அதற்கு மின்தடை உண்டு, அங்கேயும் வோல்ட் கரையும். பலர் அதன் மேல் கம்பியை வைத்துப் பற்றவைத்தே டாங்கிளை ஓட்டினார்கள். அதே ஆண்டிலேயே அந்த ஃபியூஸ்களை எடுத்துவிட்டார்கள். பி பிளஸ்ஸில் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர். அமைப்பை மாற்றினால் 1.2 ஆம்பியர். பின்னாளில் வந்த அதிகாரபூர்வ சார்ஜர் 5.1 வோல்ட் தருகிறது. ஒயர் தடிமனானது, சார்ஜரிலிருந்து கழற்ற முடியாதது. ஒயரின் குணம் அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பல டாங்கிள்கள் முதலில் தம்மை சிடி டிரைவ் என்று அறிமுகம் செய்துகொள்கின்றன. விண்டோஸுக்கான மென்பொருள் அதில் இருக்கும். பிறகு ஒரு கட்டளை வந்ததும் மறைந்து, மோடமாக மறுபடி தோன்றும். செருகியதும் ஒரே ஒரு முறை மறைந்து வந்தால் அது அதன் இயல்பு. இணைப்பு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மறைந்தால் மின்சாரம் போதவில்லை.

தனி சார்ஜர் உள்ள யூஎஸ்பி ஹப் நல்ல வழி. டாங்கிளின் சுமை கணினியைத் தொடாமல் போகிறது. சில மலிவு ஹப்கள் மின்சாரத்தைக் கணினிக்குள் பின்வழியாகத் தள்ளும் என்பதை மட்டும் கவனியுங்கள். சிக்னலுக்காக டாங்கிளை நீட்டிப்பு ஒயரில் ஜன்னலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஒயரும் வோல்ட்டைத் தின்னும். கணினியையே ஜன்னலோரம் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பலகையின் 2ஆம் ஊசியிலும் கறுப்பு முனையை 6ஆம் ஊசியிலும், பக்கத்து ஊசியைத் தொடாமல், வைத்துக்கொண்டு இணைப்பு கொடுங்கள். எண் 4.8க்குக் கீழே இறங்கினால் டாங்கிளைக் குறை சொல்லாமல், அதைவிடத் தடித்த 20 கேஜ் கம்பி உள்ள அரை மீட்டர் சார்ஜர் ஒயர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அதே ஒரு ஆம்பியர் ஓட்டத்தில் அந்த ஒயர் தின்னுவது 0.03 வோல்ட்தான்.