சொங்க்ரானும் மருத்துநீரும்

2014ஆம் ஆண்டு வேலை நிமித்தம் பாங்கொக்கில் தங்கியிருந்தபோது, தாய்லாந்து மக்களும் நமது சித்திரை வருடப் பிறப்பு நாட்களிலேயே புத்தாண்டு கொண்டாடுவதை நேரில் கண்டேன். ஏப்ரல் 13 முதல் 15 வரை விடுமுறை. பெயர் சொங்க்ரான். 'சங்கிராந்தி' என்ற வடசொல்தான் அங்கு அப்படி மருவியிருக்கிறது.

தலைநகரில் உழைப்பவர்களில் பெருந்தொகையானோர் ஈசான் எனப்படும் வடகிழக்கு மாகாணங்களைச் சேர்ந்தவர்கள். (நாம் சொல்லும் ஈசான மூலைதான்!) அவர்கள் ஊருக்கு பஸ் ஏறிவிட, எங்கள் ஒழுங்கையில் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பூட்டு. ஆனால் மாரியம்மன் கோயில் இருக்கும் சீலோம் வீதியில் கால் வைக்க இடமில்லை. வாளி, குழாய், விளையாட்டுத் துவக்கு என்று கையில் கிடைத்ததால் எல்லாம் தண்ணீர் அடிக்கிறார்கள். கன்னத்தில் வெள்ளைக் களிம்பும் பூசுகிறார்கள். துவக்கைக் கண்டதும் ஒரு கணம் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அது உங்களுக்குப் புரியும்.

அந்நகரில் எனக்குத் தெரிந்த வன்னி அக்கா ஒருவர் இரு பிள்ளைகளுடன் அகதியாக இருந்தார். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் தாய்லாந்து ஒப்பமிடவில்லை. ஐ.நா. அகதிகள் அலுவலகத்தின் கடிதம் கையில் இருந்தாலும், விசா முடிந்தவரைப் பொலிஸ் பிடிக்கலாம். 2010 ஒக்டோபரில் பாங்கொக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் அப்படிக் கைதானார்கள். அக்கா சமைத்துக் கொடுத்தே பிழைத்தார். வாடிக்கையாளர்கள் ஊருக்குப் போய்விட்டதால் அந்த வாரம் வருமானமும் இல்லை.

வருடப் பிறப்பன்று போனேன். அக்கா மருத்துநீர் காய்ச்சியிருந்தார்! மஞ்சள், மிளகு, சுக்கு, பால். தாமரைப்பூ புத்தருக்கு வைப்பதற்காகச் சந்தையில் விற்கிறார்கள். துளசியோ அங்கே கறிக்குப் போடும் இலை, கட்டுக்கட்டாகக் கிடைக்கும். "வில்வம்தான் இல்லை, தங்கச்சி" என்று குறைப்பட்டார். பிள்ளைகளுக்கும் எனக்கும் தலையில் வைத்துவிட்டார். கைவிசேஷமாக ஆளுக்கு 20 பாத்து தந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கீழ்வீட்டுத் தாய்லாந்துக் கிழவி மேலே வந்தார். அவர்கள் முறைப்படி பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி பெற வேண்டும். அக்கா மருத்துநீரை அவர் தலையில் வைக்கப் போனார். அங்கே பெரியவர்களின் தலையைத் தொடுவது மரியாதை அல்ல என்று நான் தடுத்தேன். பிள்ளைகள் கையிலேயே ஊற்றினார்கள். கிழவி முகர்ந்து பார்த்து, "கப்ராவ்!" என்று சிரித்தார். துளசிக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. பிறகு பிள்ளைகளின் தலையைத் தடவி நெடுநேரம் ஏதோ ஓதினார்.

"ரோட்டுக்குப் போகலாமா அம்மா?" சின்னவன் மூன்று நாளும் கேட்டானாம். யன்னலால் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்ற மட்டும் அனுமதி கிடைத்தது.

நான் கடவுச்சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, நனைந்தபடி பஸ் ஏறினேன்.