'குப்பை'க்குள்ள ஒரு சுவிட்ச்!

2003 ஏப்ரல். 'மனித ஜீனோமைப் படிச்சு முடிச்சாச்சு'னு விஞ்ஞானிகள் அறிவிச்சாங்க. மொத்தம் 300 கோடி எழுத்து. ஆனா, புரோட்டீன் செய்யச் சொல்லித் தர்ற ஜீன்கள் சுமார் 20,000தான். அது ரெண்டு சதவிகிதம்கூடத் தேறலை பாஸ்! மிச்சத்துல பெரும்பகுதிக்கு 'ஜங்க் டி.என்.ஏ'ங்கற பட்டம் ஏற்கெனவே ரெடி.

உங்க கண்ணுலயும் கல்லீரல்லயும் இருக்கறது ஒரே டி.என்.ஏதான். அப்புறம் ஏன் கண் பித்தநீர் சுரக்கறதில்லை? எந்த ஜீன் எங்கே, எப்போ வேலை செய்யணும்னு சொல்ற சுவிட்சுகள் பெரும்பாலும் அந்தக் 'குப்பை'க்குள்ளதான் இருக்கு. அதுக்கு மேப் போட, அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச புராஜெக்ட், 'என்கோட்'.

தேடற டெக்னிக் செம சிம்பிள். டி.என்.ஏ நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். சுவிட்ச் வேலை செய்யற இடம் மட்டும் லேசா பிரிஞ்சிருக்கும். டி.என்.ஏ-வை வெட்டற என்சைமை உள்ளே விட்டா, பிரிஞ்ச இடத்துலதான் முதல்ல கடிக்கும். கடிச்ச இடம்தான் அட்ரஸ்!

2012-ல 442 விஞ்ஞானிகள், 30 கட்டுரைகள். 'ஜீனோம்ல 80 சதவிகிதத்துக்கு வேலை இருக்கு'னு சொன்னதும் வெடிச்சது சண்டை. 'அங்கே ஏதோ கெமிஸ்ட்ரி நடக்குதுங்கறதுக்காக அது உபயோகமானதுன்னு அர்த்தமா?'னு 2013-ல டான் கிரார் டீம் பிடிபிடினு பிடிச்சாங்க. வெங்காயத்துக்கு நம்மளைவிட சுமார் அஞ்சு மடங்கு டி.என்.ஏ. அவ்வளவும் தேவையா என்ன? நமக்கும் அந்த 80 ஓவர்னுதான் தோணுது. 2020-ல வந்த லிஸ்ட்ல, சுவிட்சா இருக்கலாம்னு குறிச்ச இடங்கள் சுமார் 9 லட்சத்து 26 ஆயிரம். மொத்த ஜீனோம்ல எட்டு சதவிகிதம்தான்.

சண்டை கிடக்கட்டும். சிக்கிள் செல் நோய் தெரியுமில்லையா? ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு, ரத்தக்குழாயை அடைச்சு, உயிர்போற வலி. அம்மா வயித்துல இருக்கும்போது நமக்கு வேற ஹீமோகுளோபின். பிறந்த பிறகு அதை ஆஃப் பண்றது பி.சி.எல்.11ஏ-ங்கற ஜீன். அதைத் தடுத்தா பழைய ஹீமோகுளோபின் திரும்ப வரும், வலி குறையும். ஆனா, ஜீனையே தூக்கிட்டா மத்த செல்களுக்கு ஆபத்து. 2013-ல ஹார்வர்டின் ஸ்டூவர்ட் ஆர்கின், டேனியல் பவர் டீம், சிவப்பணு வம்சத்துல மட்டும் இந்த ஜீனை இயக்கற சுவிட்சைப் பிடிச்சாங்க. புரோட்டீனுக்கு உதவாத 'குப்பை'ப் பகுதியில!

நோயாளியோட ஸ்டெம் செல்லை எடுத்து, அந்த சுவிட்சை கிரிஸ்பரால வெட்டி, திரும்ப உடம்புக்குள்ள செலுத்தற சிகிச்சைதான் 'காஸ்கெவி'. 2023 நவம்பர்ல பிரிட்டன், டிசம்பர்ல அமெரிக்கா ஓகே சொல்லிடுச்சு.

நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட சிக்கிள் செல் இருக்கறது 1952-லயே பதிவானது. காஸ்கெவிக்கு அமெரிக்காவுல வெச்ச விலை, ஒரு ஆளுக்கு 22 லட்சம் டாலர்.