வாட்ஸ்அப் கைமாறிப் போச்சா? பதறாதீங்க!

'சித்தி, அவசரமா இருபதாயிரம் வேணும். சாயங்காலம் தந்துடறேன்...'

உங்கள் பெயரில், உங்கள் போட்டோவோடு இப்படி ஒரு மெசேஜ் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போயிருக்கிறது. உங்கள் போனிலோ வாட்ஸ்அப் திறக்கவே மாட்டேன் என்கிறது!

எப்படி நடந்தது? கொஞ்சம் யோசியுங்கள். தெரிந்தவர் நம்பரிலிருந்து, ''தப்பா உங்க போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், சொல்றீங்களா?'' என்று கேட்டிருப்பார்கள். நீங்களும், 'இதில் என்ன இருக்கு' என்று சொல்லியிருப்பீர்கள். அந்த ஆறு இலக்க எண்தான் வாசல் சாவி. கேட்டது உங்கள் சிநேகிதி இல்லை. அவர் கணக்கை ஏற்கெனவே பிடித்துக்கொண்ட ஆசாமி!

நல்லவேளை, சிம் கார்டு உங்களிடம்தானே இருக்கிறது? வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பரைத் திரும்பப் பதிவு செய்யுங்கள். எஸ்.எம்.எஸ்ஸில் புதுக் கோட் வரும். அதைப் போட்ட நிமிஷமே அவன் வெளியே! (அவசரப்பட்டு வாட்ஸ்அப்பையே அழித்துவிடாதீர்கள். பேக்கப் இல்லாவிட்டால் பழைய மெசேஜ்கள் போய்விடும்.)

சில சமயம் நீங்கள் வைக்காத ஒரு 'பின்' நம்பரையும் கேட்கும். அவன் வைத்துவிட்டுப் போன பூட்டு அது. 7 நாள் காத்திருந்தால் பின் இல்லாமலே உள்ளே போகலாம். அதுவரை உங்களால் பேச முடியாது. ஆனால், புதுக் கோட் போட்டதுமே அவனும் வெளியேற்றப்பட்டிருப்பான். எனவே, கலங்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்யும்போதே வீட்டில் இன்னொருவர் போனில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, ''பணம் கேட்டா அனுப்பாதீங்க'' என்று சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒரு அத்தையின் பென்ஷன் பணம்! யாராவது அனுப்பிவிட்டாரா? அவரை உடனே 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால், முடக்கி வைக்க வழி உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

ஏமாந்தது வீட்டுப் பெரியவராக இருந்தால், ''உங்களுக்கு எதுக்கு இந்த போனெல்லாம்?'' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே ராத்தூக்கம் போயிருக்கும். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று பாருங்கள். திட்டு வாங்கினவர், அடுத்த முறை இப்படி நடந்தால் உங்களிடம் வாயே திறக்க மாட்டார். திருடனுக்கு அதுதானே வேண்டும்?

கணக்கு திரும்பியதும் செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால், 'லாக் அவுட்' கொடுங்கள். அடுத்து, 'அக்கவுன்ட்' பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போய் ஆறு இலக்க பின் வையுங்கள். பிறந்த தேதி, கல்யாண தேதி வேண்டாமே! அது ஊருக்கே தெரியும். கூடவே உங்கள் இ-மெயிலையும் பதிந்துவிடுங்கள். பின் மறந்துபோனால் அது வழியாக மாற்றிக்கொள்ளலாம். அந்த இ-மெயில் பாஸ்வேர்டு நாலு இடத்தில் போட்ட அதே பழைய பாஸ்வேர்டு என்றால், இன்றைக்கே அதையும் மாற்றிவிடுங்கள்.