சமயக் குறுவரலாற்று நூல்களின் மொழிபெயர்ப்பில் கலைச்சொல் தேர்வு: பாப்திஸ்து வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எளிய வாசகருக்கென எழுதப்படும் சமயக் குறுவரலாற்று நூல்களில் சான்றுகளை விரித்துரைக்க இடமில்லை. எனவே வாதத்தின் பெரும்பகுதியைக் கலைச்சொற்களே சுமக்கின்றன. அச்சொற்களை வேற்றுமொழியில் பெயர்க்கும்போது வரலாறே மாறக்கூடும் என்பதைப் பாப்திஸ்து சபை வரலாற்றைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மொழிபெயர்ப்பு, கலைச்சொல், பாப்திஸ்து, ஞானஸ்நானம், திருமுழுக்கு

முன்னுரை

பாப்திஸ்து சபையினரிடையே பரவலாக அறியப்பட்ட குறுவரலாற்று நூல்களுள் ஒன்று, அமெரிக்கப் போதகர் ஜே. எம். கேரலின் சொற்பொழிவுகளைத் தொகுத்து 1931இல் வெளிவந்தது. ‘இரத்தத்தின் தடம்’ என்பது அதன் தலைப்பின் பொருள். பாப்திஸ்து கொள்கையுடைய சபைகள் இயேசுவின் காலந்தொட்டு இடையறாது இருந்துவந்தன என்பது அந்நூலின் வாதம். தொனாத்தியர், அல்பிஜென்சியர், வால்தேன்சியர், அனபாப்திஸ்துகள் முதலியோரை அது ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் காட்டுகிறது. இன்றைய வரலாற்றாய்வாளர் பெரும்பான்மையோர் இதனை ஏற்பதில்லை. ஜான் ஸ்மைத்தின் தலைமையில் 1609இல் ஆம்ஸ்டர்டாமில் உருவான ஆங்கிலேயர் சபையையே அவர்கள் தொடக்கமாகக் கொள்வர். இவ்விரு கருத்துகளுள் எது சரி என்று தீர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. ஆயினும் அவர் தேரும் சொல், அவர் அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடும்.

சடங்கின் பெயர்

கிரேக்கத்தில் ‘பாப்திசோ’ என்னும் வினை ‘மூழ்கச் செய்தல்’ என்னும் பொருளுடையது. இதனை ஒலிபெயர்ப்பதா, பொருள்பெயர்ப்பதா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று. வங்காளத்தில் பணியாற்றிய பாப்திஸ்து மறைப்பணியாளர் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் மூழ்குதலைக் குறிக்கும் சொல்லையே ஆண்டனர். தெளித்தலையும் ஊற்றுதலையும் ஏற்கும் பிற சபையார்க்கு அச்சொல் உடன்பாடன்று. ஆகவே பிரித்தானிய, அமெரிக்க விவிலியச் சங்கங்கள் அத்தகைய பதிப்புகளுக்குப் பொருளுதவி அளிக்க மறுத்தன. அதன் விளைவாகப் பாப்திஸ்துகள் 1836இல் அமெரிக்காவிலும் 1840இல் இங்கிலாந்திலும் தனிச் சங்கங்களை நிறுவினர். ஒரு வினைச்சொல்லின் மொழிபெயர்ப்பு நிறுவனங்களையே பிரித்தது.

தமிழில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. நெடுங்காலமாக வழங்கும் ‘ஞானஸ்நானம்’ என்னும் சொல்லில் ‘ஸ்நானம்’ என்பது நீராடலைக் குறிப்பினும், வழக்கில் அது மூழ்குதல், தெளித்தல், ஊற்றுதல் ஆகிய மூன்றுக்கும் பொதுவாகிவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ஆளும் ‘திருமுழுக்கு’ என்பதோ சொல்லளவில் மூழ்குதலை நினைவூட்டுகிறது. 1525 சனவரியில் சூரிச் நகரில் கான்ராட் கிரேபல், ஜார்ஜ் பிளாரோக்குக்கு அளித்தது நீர் ஊற்றிச் செய்த சடங்கு. அதனைத் ‘திருமுழுக்கு’ என்று மட்டும் எழுதினால், மூழ்குதலை வற்புறுத்தும் சபையைச் சார்ந்த வாசகர், அன்றும் தம் வழக்கமே நிலவியது என்று கொள்வர். ‘ஞானஸ்நானம்’ என்று மட்டும் எழுதினாலோ, முறைகுறித்து எழுந்த வேறுபாடே மறைந்துவிடும்.

பகைவர் இட்ட பெயர்

‘அனபாப்திஸ்து’ என்பது ‘மீண்டும் ஞானஸ்நானம் கொடுப்போர்’ எனப் பொருள்படும். இது அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரன்று. குழந்தைக்கு அளிக்கப்படுவது ஞானஸ்நானமே அன்று என்பது அவர்கள் கொள்கை. ஆதலின் அறிவறிந்த பருவத்தில் தாம் பெற்றதே முதலாவது என்றனர். ‘மீண்டும்’ என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. 1529இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றம், பழைய உரோமைச் சட்டத்தை அடியொற்றி அக்குற்றத்துக்கு மரண தண்டனை விதித்தது. அதற்கு முன்னரே, 1527இல், பீலிக்ஸ் மான்ஸ் சூரிச்சின் லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். ஜெர்மானிய ஆய்வாளர் இன்று ‘மீண்டும்’ என்னும் முன்னொட்டை நீக்கிய பெயரையே வழங்குகின்றனர். தமிழில் ‘மறுஞானஸ்நானக்காரர்’ என்று பெயர்த்தால், தண்டித்தவரின் சொல்லே வரலாற்றாசிரியரின் சொல்லாகிவிடும். ‘அனபாப்திஸ்து’ என ஒலிபெயர்த்து, அது பிறர் இட்ட பெயர் என முதல் ஆட்சியில் ஒரு தொடரால் விளக்குவது பொருத்தமாகும்.

ஒரே சொல் உண்டாக்கும் தொடர்ச்சி

நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தோன்றிய தொனாத்தியரும் பிற சபையிலிருந்து வந்தோர்க்கு மீண்டும் ஞானஸ்நானம் அளித்தனர். ஆனால் காரணம் வேறு. துன்புறுத்தலின்போது மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தோரின் வழிவந்தவர்கள் நிகழ்த்திய சடங்கு செல்லாது என்பது அவர் நிலைப்பாடு. குழந்தை ஞானஸ்நானத்தை மறுப்பது அவர் நோக்கமன்று. அல்பிஜென்சியரோ நீரால் செய்யும் சடங்கையே விலக்கி, கைகளை வைத்து வேண்டும் சடங்கினை மேற்கொண்டனர். இம்மூவரின் செயலையும் ஒரே தமிழ்ச் சொல்லால் குறித்தால், மூலநூல் வாதிடும் தொடர்ச்சி வாதமின்றியே நிறுவப்பட்டதுபோலத் தோன்றும்.

‘சபை’, ‘திருச்சபை’ என்னும் சொற்களும் இத்தகையனவே. பாப்திஸ்து மரபு ஓரூரில் கூடும் விசுவாசிகளின் தன்னாட்சியை முதன்மையாகக் கொள்வது. மூலநூல் ஊர்ச் சபைகளைப் பன்மையில் சொல்லும் இடங்களில் ‘திருச்சபை’ என ஒருமையில் பெயர்த்தால், அந்நூல் மறுக்கும் உலகளாவிய ஒற்றை அமைப்பே வாசகர் மனத்தில் எழும்.

முடிவுரை

மூலநூலின் வாதத்தைத் திருத்தவோ மென்மையாக்கவோ மொழிபெயர்ப்பாளர்க்கு உரிமையில்லை. மூலத்தில் இல்லாத உறுதியை அதற்கு ஊட்டவும் உரிமையில்லை. சடங்கின் முறை வாதத்துக்கு இன்றியமையாத இடங்களில் ‘மூழ்கி’, ‘நீர் ஊற்றி’ எனப் பிரித்துரைத்தல், பெயர் இட்டவர் யாரெனச் சுட்டல், மூலநூலாசிரியரின் கூற்றையும் பின்னைய ஆய்வின் முடிவையும் முன்னுரையில் வேறுபடுத்திக் காட்டல் ஆகிய மூன்றும் இதற்குத் துணைசெய்யும். மூலமொழி அறியாத வாசகர்க்குத் தம் சமயத்தின் கடந்த காலத்தைப் பற்றிக் கிடைக்கும் ஒரே நூலாக அச்சிறு நூலே அமைந்துவிடலாம். ஒப்புநோக்க வேறு நூல் இல்லாத அவர்க்காகவே இக்கவனம் வேண்டப்படுகிறது.