கரை ஓடுதா, படகு ஓடுதா?

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு நம் தோட்டத்துக் குடும்பங்களும் போவதுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் ஏறி, வேலணை, புங்குடுதீவு தாண்டினால் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகுதான். படகு கிளம்பியதும் பிள்ளைகள் கத்துவார்கள்: "அம்மா, கரை ஓடுது பாருங்க!"

சிரிக்க வேண்டாம். பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கொழுந்து லொறியை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சாக்கு, லொறியைப் பொறுத்து அசையாமல் இருக்கிறது. ரோட்டில் நிற்பவருக்கோ அது ஓடுகிறது. ஆகவே "ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டால், "எதைப் பொறுத்து?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். இப்படி ஒன்றைப் பொறுத்து மற்றொன்றுக்கு உள்ள வேகமே சார்பு வேகம். ஆட்டமில்லாமல் ஒரே சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவருக்கு, கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியாது என்று கலிலியோ 1632இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார்.

நாம் பேச்சில் எல்லாவற்றையும் வேகம் என்கிறோம். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு சொற்கள் உண்டு. மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது மட்டும் கதி. எந்தத் திசையில் என்பதையும் சேர்த்தால்தான் வேகம். திசை ஏன் முக்கியம்?

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு சுமார் 10 கிலோமீற்றர். தண்ணீரைப் பொறுத்துப் படகு மணிக்கு 10 கிலோமீற்றர் போகிறது, நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டத்தோடு போனால் கரையைப் பொறுத்து 10உம் 2உம் 12. பயணம் 50 நிமிடம். எதிர்த்துப் போனால் 10இல் 2 போக 8. பயணம் 75 நிமிடம். படகு அதே படகுதான், இயந்திரமும் அதேதான். நீரோட்டம் பக்கவாட்டில் வந்தால், படகோட்டி முன்பக்கத்தைச் சற்றுச் சரித்துப் பிடிப்பார். "ஏன் கோணலா போறாரு?" என்று பயப்பட வேண்டாம், அப்போதுதான் நேராகப் போய்ச் சேரலாம்.

இந்தப் பாடம் உயிரையும் காக்கும். படகு நகரும்போது நம் உடம்பும் அதே வேகத்தில் நகர்கிறது. துறை கிட்டே வந்ததும் குதித்தால், கால் துறையில் நின்றுவிடும். உடம்போ முன்னால் போகும், விழுவோம். சின்னப் படகு நின்றிருந்தாலும் ஆபத்துதான். நாம் முன்னால் பாயும்போது கால் படகைப் பின்னால் தள்ளுகிறது. நாம் பாய நினைத்த தூரத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்; துறைக்கும் படகுக்கும் நடுவே தண்ணீரில் விழ நேரும். ஓடும் பஸ்ஸிலிருந்தும் லொறியிலிருந்தும் குதித்து இறங்குவதும் இதே கதைதான்.

ஆகவே கயிறு கட்டும்வரை பொறுத்திருங்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்குங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அம்மன் கோயில் அங்கேயேதான் இருக்கும்.