ஏழைகளுக்கென ஒரு திராட்சைத் தோட்டம்

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதி திராட்சை இரசத்திற்குப் பெயர்பெற்றது. அங்கே, திஜோன் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், ‘போன்’ என்னும் பழமையான சிறு நகர் அமைந்துள்ளது. மதிற்சுவரும் கல் பாவிய தெருக்களும் காண்போர் மனத்தைக் கவரும். பயணிகள் பலர் இரசத்தை நாடியே அங்குச் செல்கின்றனர். நாம் அறிய வேண்டியதோ, அந்நகரின் மருத்துவமனை வரலாறு.

நூறாண்டுப் போரின் இறுதிக் காலம் அது. மக்கள் வறுமையில் வாடினர். பர்கண்டிக் கோமகனின் முதலமைச்சரான நிக்கோலா ரோலன் பெருஞ்செல்வர். அவரும் துணைவியார் கிகோன் அம்மையாரும் 1443-ஆம் ஆண்டு ஏழை நோயாளருக்கென இம்மருத்துவமனையை நிறுவினர். 1452 சனவரி முதல் நாள் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். அருட்சகோதரிகள் பணிவிடை புரிந்தனர்.

நீண்ட கூடத்தின் இருமருங்கிலும் கட்டில்கள், கோடியில் பலிபீடம். நோயாளர் படுத்தவாறே திருப்பலியில் பங்குகொள்ளலாம். ஓவியர் ரோகியர் வான் தெர் வெய்தன் தீட்டிய பொதுத்தீர்வை ஓவியம் அங்கே வைக்கப்பட்டிருந்தது. அதில் அதிதூதர் மிக்கேல் தராசில் ஆன்மாக்களை நிறுக்கின்றார். அதன் வெளிக்கதவுகளில் ரோலன் தம்பதியர் முழந்தாளிட்டுச் செபிக்கின்றனர். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே தீர்வைக்கு உரியவர் அன்றோ!

1462-இல் கணவர் மறைந்தபின், அம்மையார் நோயாளருக்கே தம்மை அர்ப்பணித்தார். 1470-இல் இறந்த அவர், அங்குள்ள சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

நாளடைவில் பலர் தம் திராட்சைத் தோட்டங்களை மருத்துவமனைக்கு எழுதிவைத்தனர். இன்று அவை ஏறக்குறைய 60 ஹெக்டேர். 1859 முதல் அவற்றின் இரசம் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏல நாள். 1971-இல் நோயாளர் புதிய கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். பழைய கட்டடம் அருங்காட்சியகமாயிற்று. ஏல வருவாய் இன்றும் மருத்துவப் பணிக்குப் பயன்படுகிறது.

இரசம் விற்ற பணத்தில் தருமமா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். குடி குடும்பங்களைச் சீரழிப்பதை நாம் அறிவோம். ஆயினும் அம்மக்கள் தம் மண் தந்த விளைச்சலையே கொடுத்தனர். அதிலும், விளைச்சலோடு நில்லாது நிலத்தையே கொடுத்தனர். ஒருநாள் அன்னதானம் அன்றைய பசியைத் தீர்க்கும். அவர்தம் கொடையோ ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கனி தருகிறது.

பிள்ளைகளுக்குச் சொத்துச் சேர்க்கும் பெற்றோரே, அச்சொத்தில் ஏழைக்கும் ஒரு பங்கு எழுதுங்கள். உங்களுக்குப் பின்னும் அது நோயாளியின் கட்டிலருகே நிற்கும்.