பிளாஸ்க் தண்ணீர் மாலை வரை குளிருமா?

சித்திரை வெயில் புனேயில் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிட வேலைக்குப் போகிறவருக்கும், பிம்பிரியில் ஷிப்டு பார்க்கிறவருக்கும், தகரக் கொட்டகையில் கணக்கு எழுதுகிறவருக்கும் பகல் 12 மணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு மிடறு குளிர்ந்த தண்ணீர்!

இப்போது எந்தக் கடைவீதிக்குப் போனாலும் பளபளவென்று எவர்சில்வர் பாட்டில்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். "24 மணி நேரம் குளிர்ச்சி" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. விலையைக் கேட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் போல் இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

நான் வாங்கி ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோலாப்பூர் தாண்டியதும்...

ஒரு மே மாதம் என் தாயாரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றேன். அவருக்கு நீரிழிவு. இரண்டு மாதத்துக்கு வேண்டிய இன்சுலின் மருந்து கையில் இருந்தது. ரெயிலில் ஒன்றரை நாள் பயணம். சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று வழியெல்லாம் அனல். நடைபாதைக் கடையில் அகன்ற வாய் உள்ள பிளாஸ்க் ஒன்றை வாங்கி, குளிர்ந்த நீர் ஊற்றி, மருந்தை உறையில் போட்டு உள்ளே வைத்தேன். சோலாப்பூர் தாண்டியதும் திறந்து பார்த்தேன். தண்ணீர் வெந்நீராக இருந்தது!

ஊருக்குப் போனதும் டாக்டர், "இதை நம்பிப் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. புது மருந்து வாங்க வேண்டியதாயிற்று. பிளாஸ்க்கில் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பல மடங்கு செலவு. பிளாஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்தது அதன் பிறகுதான்.

குளிருக்குப் பிறந்தது

பிளாஸ்க் காபிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. 1892-ம் ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் டேவார் என்ற விஞ்ஞானி, திரவமாக்கிய வாயுக்களைக் கடுங்குளிரில் வைத்திருக்க இதைச் செய்தார். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு குடுவை. இரண்டுக்கும் நடுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டார். காற்று இல்லாத இடத்தைத் தாண்டி வெப்பம் எளிதில் போக முடியாது. கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்ததால் கதிராக வரும் வெப்பமும் திரும்பிப் போயிற்று.

டேவார் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. ரைன்ஹோல்டு பர்கர் என்ற ஜெர்மானியக் கண்ணாடித் தொழிலாளி இதை வீட்டுக்கு உதவும் பொருளாக்கினார். 1904-ம் ஆண்டில் "தெர்மாஸ்" என்ற பெயரில் விற்பனை தொடங்கியது. குளிருக்குப் பிறந்த பாத்திரத்துக்குச் சூட்டின் பெயர்!

பக்கத்தில் தளேகாவ்

புனேயில் இருந்து லோனாவ்லா லோக்கல் ரெயிலில் போனால் தளேகாவ் வரும். கண்ணாடிக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு. மக்களிடம் ஒவ்வொரு பைசாவாகத் திரட்டிய "பைசா நிதி"யைக் கொண்டு, லோகமான்ய திலகரின் ஆதரவோடு, 1908-ம் ஆண்டில் அங்கே கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. சுதேசிக் காலத்தின் சின்னம் அது. பின்னாளில் ஈகிள் பிளாஸ்க் கம்பெனியின் ஆலையும் அந்த ஊரில்தான் இருந்தது. ஊருக்குப் போகும்போது நம்மவர்கள் கையில் பிடித்துச் சென்ற பிளாஸ்க்குகளில் எத்தனையோ தளேகாவில் பிறந்தவை.

கண்ணாடி பிளாஸ்க் கீழே விழுந்தால் போயிற்று. ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் அதில் இருக்கும் ஒரு சொட்டுக்கூட குடிக்கக் கூடாது. எவர்சில்வர் பாட்டிலில் அந்தப் பயம் இல்லை. ஆனால் அடிபட்டு நசுங்கி எங்காவது நுண்ணிய கசிவு ஏற்பட்டால், வெற்றிடத்தில் காற்று புகுந்துவிடும். பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். குளிர்ச்சி மட்டும் நிற்காது.

சோதிப்பது எப்படி?

கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துப் பக்கம் கொஞ்சம் சூடு தெரிந்தால் பரவாயில்லை. உடம்பு முழுவதும் சுட்டால் அந்தப் பாட்டில் எதற்கும் உதவாது. ஐஸ் தண்ணீர் ஊற்றியதும் வெளியே வேர்த்துக் கொட்டினாலும் அப்படித்தான். வாங்கிய அன்றே இதைச் செய்து பார்த்து, சரியில்லை என்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள். ரசீது முக்கியம். இத்தகைய பாட்டில்களுக்குத் தர முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2023-ம் ஆண்டில் ஆணை பிறப்பித்திருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவது நல்லது.

"24 மணி நேரம்" என்பது என்ன கணக்கு? வாய்வரை நிரப்பி, ஒரு முறைகூடத் திறக்காமல், நிழலான அறையில் வைத்துப் பார்க்கும் கணக்கு. நாமோ வெயிலில் வைத்து, பத்து முறை திறக்கிறோம். பாதி குடித்த பிறகு மீதி சீக்கிரம் சூடாகும். உள்ளே நுழையும் வெப்பம் அதேதான், தாங்குகிற தண்ணீர் பாதிதானே! ஆகவே நல்ல பாட்டிலில் காலையில் நிரப்பிய தண்ணீர் மாலை ஷிப்டு முடியும்வரை குளிர்ந்திருந்தால் போதும். அதுவே லாபம். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்று மணி நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும்.

ஐஸ் கணக்கு

ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அதைத் தண்ணீரில் இருந்தே எடுத்துக்கொள்கிறது. 30 டிகிரி உள்ள 900 மில்லி தண்ணீரில் 100 கிராம் ஐஸ் போட்டால் 19 டிகிரிக்கு வரும். 800 மில்லியில் 200 கிராம் போட்டால் 8 டிகிரி! கைப்பிடி ஐஸ் கூடினால் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். ஊற்றுவதற்கு முன் பாட்டிலைக் குளிர்ந்த நீரால் ஒருமுறை அலசிவிட்டால் இன்னும் நல்லது.

ஐஸ் வாங்கும்போது கவனம் தேவை. தொழிற்சாலைக்கான ஐஸ், குடிநீரில் செய்ததாக இருக்காது. சாப்பிடத் தகாத ஐசுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ம் ஆண்டில் மராட்டிய அரசின் உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. நீல ஐசைக் கண்டால் விலகிப் போங்கள்.

பானைக்கு ஈடு உண்டா?

வீட்டில் இருக்கிறவர்களுக்கு இவ்வளவு செலவே தேவையில்லை. கோடை வந்தால் புனே சாலையோரங்களில் பானைகள் வந்துவிடும். மராட்டியர் "மாட்" என்பார்கள். பானையின் நுண்துளைகளில் கசியும் ஈரம் ஆவியாகும்போது, கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 10 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிர வைக்க ஒரு டம்ளர் அளவுக்குச் சற்றுக் கூடுதலாக ஆவியானால் போதும் என்பது கணக்கு. வெளிச் சூடும் சேர்வதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் ஆகும்.

நம் சென்னையைவிட புனேக் கோடையில் பானை நன்றாகக் குளிரும். காரணம், இங்கே ஏப்ரல், மே மாதக் காற்று உலர்ந்த காற்று. ஜூனில் மழை பிடித்துவிட்டால் பானையின் ஆட்டம் முடிந்தது. ஈரத்துணி சுற்றிய பாட்டிலும் இதே முறையில்தான் குளிர்கிறது. காற்று படும் இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்சுலின் கொண்டு போகிறவர்களுக்கு

நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். புறப்படுவதற்கு முதல் நாளே பிளாஸ்க்கைச் சோதித்துவிடுங்கள். மருந்தை நீர் புகாத உறையில் போட்டு, குளிர்ந்த நீரில் வையுங்கள். பிரீசரில் இருந்து எடுத்த ஐஸ் நேராகப் படக் கூடாது. உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பையும் டாக்டர் சொல்வதையும் கேட்டு நடங்கள்.

இன்னொன்று. பாலையும் மோரையும் பிளாஸ்க்கில் நாள் முழுவதும் வைக்காதீர்கள். குளிர்ச்சி குறைந்ததும் கெட்டுப்போகும்.

வீட்டுக்குப் பானை, வேலைக்கும் ரெயிலுக்கும் சோதித்துப் பார்த்த பாட்டில். இந்த இரண்டும் இருந்தால் புனே வெயிலைச் சமாளித்துவிடலாம். சீட்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு கெட்டில் வெந்நீரும் ஐந்து நிமிடமும் உண்மையைச் சொல்லிவிடும்.